பல வடிவமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்: கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் இணையதளத்திற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாண்டுகளாகத் தோற்றம் மாறாத ஒரு கட்டற்ற மென்பொருளின் (எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளின்) இணையதளத்தைப் புதுப்பிக்கலாம் என்று யாரேனும் பேச்செடுத்தால், சில வாரங்களுக்குள் இரண்டு மூன்று வடிவமைப்புகள் வந்து சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் ஒரு தன்னார்வலர் இரவு கண்விழித்து உருவாக்கியிருப்பார். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருப்பார்கள். நிறுவனமாக இருந்தால் மேலாளர் ஒருவர் கைகாட்டியதும் பேச்சு முடிந்துவிடும். கட்டற்ற மென்பொருளில் அப்படி முடியாது. தேர்வு பெறாத வடிவமைப்பைச் செய்தவரும் நாளை அதே திட்டத்தில் பிழை திருத்தவும், ஆவணம் எழுதவும், மொழிபெயர்க்கவும் தேவைப்படுபவர். ஆகவே எது தேர்வாகிறது என்பதற்கு நிகராக, எவ்வாறு தேர்வாகிறது என்பதும் முக்கியமாகிறது.

வடிவமைப்புகளைப் பார்ப்பதற்கு முன்பே அளவுகோல்களை எழுதி வைத்துவிட வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை. படங்களைப் பார்த்த பின் எழுதப்படும் அளவுகோல், மனம் ஏற்கெனவே தேர்ந்துவிட்ட ஒன்றுக்குத் தேடப்படும் காரணமாகவே பெரும்பாலும் அமைகிறது. உங்கள் திட்டத்தில் படங்கள் முன்பே சுற்றுக்கு வந்துவிட்டிருந்தால், அவற்றை இரண்டு வாரங்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு முதற்படியிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: முடிவெடுப்பவர் யார் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

பைத்தான் நிரல்மொழியின் தளத்தைப் புதுப்பிக்க விரும்பிய பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை, தேவைகளை எழுத்தில் வைத்து, 2012 இல் முறையாக முன்மொழிவுகளைக் கோரியது. புதிய தளம் 2014 இல் வெளிவந்தது. சிறிய திட்டங்களிடம் அத்தகைய அறக்கட்டளையோ நிதியோ இருக்காது. ஆனால் தேவைகளை எழுத்தில் வைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

இரண்டு பக்கங்களுக்கு மிகாத ஒரு குறிப்பை எழுதுங்கள். முடிவெடுக்கும் குழுவில் யார் யார், எந்தத் தேதிக்குள் முடிவு வரும், மற்ற பங்களிப்பாளர்களின் வாக்கு குழுவைக் கட்டுப்படுத்துமா அல்லது கருத்தாக மட்டும் கொள்ளப்படுமா என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஐந்து பேர் போதும். வடிவமைப்பைச் சமர்ப்பித்தவர்கள் அக்குழுவில் இருக்கக் கூடாது. வழங்கியை, அதாவது தளம் இயங்கும் கணினியைப் பராமரிப்பவர் ஒருவர், ஆவணங்களை எழுதுபவர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கடந்த ஓராண்டுக்குள் திட்டத்தில் சேர்ந்த ஒருவரையும் சேர்க்குமாறு நான் வற்புறுத்துவேன். தளத்தில் எங்கே வழி தவறினோம் என்பது அவருக்கு மட்டுமே இன்னும் நினைவிருக்கும். பத்தாண்டுப் பழக்கமுள்ளவர்கள் பார்க்காமலே சரியான இடத்தைச் சொடுக்கிவிடுவார்கள்.

படி 2: தளத்திற்கு வருபவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதைப் பட்டியலிடுங்கள்

இதை ஊகத்தால் எழுத வேண்டாம். வழங்கியின் பதிவேடுகளில் எந்தப் பக்கங்கள் அதிகம் திறக்கப்படுகின்றன, தளத்தின் தேடல் பெட்டியில் எந்தச் சொற்கள் இடப்படுகின்றன, உதவி கேட்பவர்கள் எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பவற்றைத் திரட்டினால் பத்துப் பணிகளாவது கிடைக்கும். தன் கணினிக்குப் பொருத்தமான கோப்பைப் பதிவிறக்குதல், தான் பயன்படுத்தும் பழைய பதிப்பின் ஆவணத்தைக் கண்டறிதல், பாதுகாப்புக் குறைபாட்டை யாரிடம் தெரிவிப்பது என்று அறிதல், கடைசி வெளியீடு எப்போது வந்தது என்று பார்த்துத் திட்டம் உயிரோடு இருக்கிறதா எனத் தெரிந்துகொள்ளுதல், உரிமத்தைச் சரிபார்த்தல் ஆகியவை ஏறத்தாழ எல்லாத் திட்டங்களிலும் வரும். இவற்றை முக்கியத்துவ வரிசையில் அடுக்குங்கள். அடுக்கும்போதுதான் கருத்து வேறுபாடு வெளிப்படும். அது இந்தக் கட்டத்திலேயே வெளிப்படுவது நல்லது.

ரஸ்ட் நிரல்மொழியின் தளம் இதற்குத் தெளிவான சான்று. 2018 டிசம்பரில், அம்மொழியின் 2018 பதிப்போடு சேர்த்து, முற்றிலும் புதிய தளம் வெளியிடப்பட்டது. பழைய முகப்பில் ஒரு சிறு நிரல்துண்டு இருந்தது. வந்தவர் அதை அங்கேயே இயக்கிப் பார்க்க முடிந்தது. புதிய முகப்பில் அது இல்லை. அதற்கு மாறாக, இம்மொழியை எதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விளக்கமும், கட்டளைவரிக் கருவிகள், உலாவிக்குள் நிரலை வேகமாக இயக்கும் வெப் அசெம்பிளி, வலையமைப்புச் சேவைகள், கருவிகளுக்குள் பொதிந்த உட்பொதி கணினிகள் என்ற நான்கு துறைகளுக்கான நுழைவாயில்களும் வந்தன. நிரலைப் பார்த்தே ஒரு மொழியை எடைபோடும் நிரலாளர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். தன் நிறுவனத்தில் இம்மொழியைப் பயன்படுத்தலாமா என்று எண்ணிப் பார்க்கும் ஒருவருக்குப் புதிய முகப்பு அதிகம் உதவியிருக்கும் என்பதும் உண்மையே. இரு தரப்பும் அழகைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றினாலும், வாதத்தின் உள்ளே இருந்த கேள்வி ஒன்றுதான்: முகப்பு யாருக்குரியது? உங்கள் திட்டத்தில் அக்கேள்விக்கு விடை எழுதப்படாத வரை எந்த இரண்டு வடிவமைப்புகளையும் நேர்மையாக ஒப்பிட முடியாது.

படி 3: எல்லா வடிவமைப்புகளுக்கும் ஒரே உள்ளடக்கத்தைக் கொடுங்கள்

ஒருவர் முகப்பை மட்டும் அழகிய படமாக அனுப்பியிருப்பார். மற்றொருவர் இயங்கும் பக்கங்கள் இருபதை அனுப்பியிருப்பார். இவற்றை அருகருகே வைத்தால் படமே வெல்லும், ஏனெனில் படத்தில் குறை தெரிவதில்லை. ஆகவே இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொரு வடிவமைப்பும் உங்கள் தளத்தின் உண்மையான ஐந்து பக்கங்களை உலாவியில் திறக்கும் நிலையில் காட்ட வேண்டும் என்று கேளுங்கள்: முகப்பு, பதிவிறக்கப் பக்கம், வெளியீட்டுக் குறிப்பு ஒன்று, தேடல் முடிவுகள், ஆவணங்களில் உள்ளதிலேயே நீளமான, அட்டவணையும் நிரல்துண்டுகளும் நிறைந்த ஒரு பக்கம். இதற்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். நிரல் எழுதத் தெரியாத வடிவமைப்பாளருக்குத் திட்டத்திலிருந்து ஒரு துணையைக் கொடுப்பது குழுவின் கடமை. இல்லையென்றால் நல்ல வடிவமைப்பு நிரல் எழுதத் தெரியாமையால் தோற்கும்.

நான் உதவி வந்த ஒரு சிறிய திட்டத்தில் முகப்பை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். தளம் வெளியான அன்றுதான், ஆவணப் பக்கத்தின் குறுகிய நடுப்பத்தியில் எண்பது எழுத்து நீளமுள்ள நிரல்வரிகள் பாதியில் வெட்டுப்படுவதைக் கண்டோம். பயனர்களில் பெரும்பாலோர் முகப்பைப் பார்ப்பதே இல்லை. தேடுபொறி வழியாக நேரே ஆவணத்திற்கு வந்துவிடுகிறார்கள். எங்களுடைய தேர்வு, மிகக் குறைவானோர் பார்க்கும் பக்கத்தை வைத்து நடந்திருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு மாதங்கள் ஆயின.

தளம் பல மொழிகளில் வெளிவருவதாக இருந்தால், ஒரு பக்கத்தையாவது வேறு மொழிகளில் நிரப்பிப் பாருங்கள். ஜெர்மன் மொழியின் நீண்ட கூட்டுச்சொற்கள் பட்டியல்களை உடைக்கும். அரபு, பாரசீகம், ஹீப்ரு ஆகியவற்றுக்குப் பக்கம் முழுவதும் வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும். தமிழில் இதைச் சோதிப்பது நம்மால் உடனே முடிகிற காரியம்: ‘பங்களிப்பாளராக இணையுங்கள்’ என்ற சொற்கள் பொத்தானுக்குள் அடங்குகின்றனவா, வரிகளுக்கிடையே இடம் குறைவாக வைத்ததால் மேல்வரியின் ‘பூ’வின் அடிச்சுழியும் கீழ்வரியின் ‘கீ’யின் தலைச்சுழியும் மோதுகின்றனவா என்று பாருங்கள். ரஸ்ட் தளத்தைப் பற்றி மேலே சொன்ன புதுப்பித்தலில் பழைய தளத்தின் மொழிபெயர்ப்புகள் முதல்நாளில் இடம்பெறவில்லை. பின்னரே அவற்றுக்கு வழி செய்யப்பட்டது. உழைத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது எவ்வளவு வருத்தம் தந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 4: தகுதிச் சோதனை

இப்படியில் மதிப்பெண் கிடையாது. தேறியது, தேறவில்லை என்ற இரண்டே முடிவுகள். தேறாத வடிவமைப்பைத் திருத்தி மீண்டும் கொண்டுவர ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்காக வகுக்கப்பட்ட இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் இடைநிலைத் தகுதிப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 ஆகவும், பெரிய எழுத்துக்கு 3:1 ஆகவும் இருக்க வேண்டும். வெளிர்சாம்பல் எழுத்தை விரும்பும் வடிவமைப்புகள் இங்கேதான் தடுமாறுகின்றன. நிரல்துண்டுகளில் வண்ணமிடப்பட்ட சொற்களையும் இதே அளவால் சோதிக்க மறக்காதீர்கள். சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் பதிவிறக்கம் வரை செல்ல முடிய வேண்டும். உலாவிக்குள் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டை முடக்கிய நிலையிலும் மென்பொருளைப் பதிவிறக்கவும் ஆவணத்தைப் படிக்கவும் முடிய வேண்டும். வழங்கியின் முன் அமர்ந்து, எழுத்துகளை மட்டும் காட்டும் உரைத்திரை உலாவியில் ஆவணம் தேடும் நிர்வாகிகள் இன்றும் இருக்கிறார்கள். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிவது கூகுள் வகுத்த அளவுகோல். வேகம் குறைந்த கைபேசி இணைப்புக்கும் அது பொருத்தமான எல்லையே.

உரிமம் தனிக் கவனம் பெற வேண்டும். படத்தொகுப்பு நிறுவனங்களிடம் வாங்கிய நிழற்படங்களையும் வணிக எழுத்துருக்களையும் திட்டத்தின் நிரல் வைக்கப்படும் பொதுக் களஞ்சியத்தில் எல்லோருக்கும் மறுவிநியோகம் செய்ய இயலாது. எழுத்துருக்களைத் திறந்த எழுத்துரு உரிமத்தில் தேர்ந்து, திட்டத்தின் சொந்த வழங்கியிலேயே வையுங்கள். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, பார்வையாளரின் ஒப்புதலின்றி கூகுள் எழுத்துருக்களை அந்நிறுவனத்தின் வழங்கியிலிருந்து ஏற்றியதால் அவருடைய ஐபி முகவரி (இணையத்தில் அவரது இணைப்பைச் சுட்டும் எண்) கூகுளுக்குச் சென்றது ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண் என்று கூறி, தளத்தை நடத்தியவர் 100 யூரோ இழப்பீடு தர உத்தரவிட்டது.

படி 5: அறியாதவர்களிடம் சோதியுங்கள்

ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஐந்து பேர் போதும். பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் நெடுங்காலமாகச் சொல்லி வருவதும் அதுவே: முதல் ஐந்து பேரிடமே பெரும்பாலான இடர்ப்பாடுகள் வெளிப்பட்டுவிடும். இரண்டாம் படியில் எழுதிய பணிகளில் முதல் நான்கைக் கொடுத்து, அவர்கள் செய்வதைப் பேசாமல் பாருங்கள். எங்கே நின்றார்கள், எங்கே திரும்பினார்கள், எவ்வளவு நேரமாயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘எது உங்களுக்குப் பிடித்திருக்கிறது’ என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். ஒரே நபர் எல்லா வடிவமைப்புகளையும் பார்ப்பதாக இருந்தால், முதலில் பார்த்ததில் கற்றது அடுத்ததற்கு உதவிவிடும். ஆகவே வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

படி 6: பராமரிப்பை எடைபோடுங்கள்

என் கருத்தில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு அதிக எடை தர வேண்டும். லினக்ஸ் சார்ந்த இயங்குதளத்தை வெளியிடும் டெபியன் திட்டத்தின் தளம், 2011 பிப்ரவரியில் ஸ்குவீஸ் என்ற பதிப்பின் வெளியீட்டோடு புதிய தோற்றம் பெறுவதற்கு முன், ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஒரே வடிவத்தில் இருந்தது. முகப்பு மீண்டும் புதுப்பிக்கப்பட்டது 2020 டிசம்பரில். பிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்கு 2005 இல் வந்த தோற்றம், கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் பங்கேற்ற ஒரு மாணவரின் பணி. அதுவும் மிக நீண்ட காலம் நிலைத்தது. நீங்கள் இன்று தேர்ந்தெடுப்பதும் பத்தாண்டுகள் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்தாண்டில் வடிவமைப்பாளர் வேறு வேலைக்குப் போயிருப்பார், கருவிகள் வழக்கொழிந்திருக்கும், அவ்வப்போது ஓர் அறிவிப்பைச் சேர்க்கவேண்டியது மட்டும் மாறாமல் தொடரும்.

இதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. வடிவமைப்பில் தொடர்பில்லாத ஒரு பங்களிப்பாளரை அழைத்து, ஒவ்வொரு முன்வடிவின் களஞ்சியத்தையும் புதிய கணினியில் இறக்கி, ஒரு வெளியீட்டு அறிவிப்பைச் சேர்த்து, தளத்தை உருவாக்கிக் காட்டச் சொல்லுங்கள். உதவி கேட்காமல் முடித்தாரா? எத்தனைக் கருவிகளை நிறுவ வேண்டியிருந்தது? வெறும் உரைக்கோப்பைத் திருத்துவதோடு வேலை முடிந்ததா, அல்லது கூறுகளின் நிரலுக்குள் இறங்க வேண்டியிருந்ததா? ஒரு பக்கத்தின் எழுத்துப்பிழையைத் திருத்த நூற்றுக்கணக்கான நிரல்தொகுதிகளை இறக்க வேண்டியிருந்தால், எழுத்துப்பிழைகள் திருத்தப்படாமலே கிடக்கும்.

திட்டத்தின் பங்களிப்பாளர்கள் ஏற்கெனவே அறிந்த மொழியில் தளத்தின் கருவிகளும் இருப்பது பெரிய பலம். பைத்தானின் தளம் பைத்தானில் எழுதப்பட்ட, இணையதளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ என்ற கட்டமைப்பில் இயங்குகிறது. ரஸ்ட் தளத்தின் புதிய வடிவம் ரஸ்டிலேயே எழுதப்பட்டது. தனக்கென நிரல்மொழி இல்லாத திட்டங்களுக்கு, உள்நுழைவும் தரவுத்தளமும் தேவைப்படாத வரை, நிலையான பக்கங்களை, அதாவது முன்கூட்டியே தயாரித்து அப்படியே அனுப்பப்படும் பக்கங்களை உருவாக்கித் தரும் கருவிகளே போதும். கிம்ப் வரைகலைச் செயலியின் தளம் பெலிகன் என்ற அத்தகைய கருவியால் உருவாகிறது. நிலையான தளத்தில் ஊடுருவலுக்குரிய வழிகள் குறைவு. பராமரிப்பவர் ஆறு மாதம் மறைந்துபோனாலும் தளம் நிற்காது.

படி 7: கலந்துரையாடலுக்கு வரம்பு, வாக்குக்கு முறை

1999 இல் பிரீபிஎஸ்டி நிரலாளர் பால்-ஹென்னிங் காம்ப், சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் அடிப்பது என்ற உவமையைக் கட்டற்ற மென்பொருள் உலகில் பரவச் செய்தார். அணுமின் நிலையத்தின் வரைபடத்தைப் பற்றிப் பேசத் தயங்குபவர்களும் கொட்டகையின் நிறத்தைப் பற்றித் தயங்காமல் பேசுவார்கள் என்பது அதன் பொருள். உவமையின் மூலம் 1950களில் எழுதிய பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சனுடையது. இணையதளத்தின் நிறம் உண்மையிலேயே கொட்டகையின் நிறம்தான். எல்லோருக்கும் அதில் கருத்து உண்டு, அவமதிப்பின்றி அதைக் கேட்கவும் வேண்டும். ஆகவே கருத்து சொல்பவர், எந்தப் பணி எந்தப் பக்கத்தில் தடைபடுகிறது என்பதைக் குறிப்பிட்டே எழுத வேண்டும் என்று விதி செய்யுங்கள். நிறம், எழுத்துரு, சின்னத்தின் அளவு ஆகியவை தேர்வுக்குப் பின் தனியாகப் பேசப்படும் என்று அறிவித்துவிடுங்கள். இரண்டு வாரங்கள் போதுமான காலம்.

வாக்கெடுப்பு நடத்துவதாக இருந்தால், ஒருவருக்கு ஒரே தேர்வு என்ற முறையைத் தவிருங்கள். மூன்று வடிவமைப்புகளில் இரண்டு ஒன்றையொன்று ஒத்தவை என்று வைத்துக்கொள்வோம். 100 பேரில் 30 பேர் முதலாவதற்கும் 28 பேர் இரண்டாவதற்கும் 42 பேர் மூன்றாவதற்கும் வாக்களித்தால் மூன்றாவது வெல்லும். 58 பேர் அதைக் கடைசியாக வைத்திருந்தாலும் அதே முடிவுதான். வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையில் இத்தவறு நேராது. டெபியன் திட்டம் தன் தேர்தல்களில் பின்பற்றும் ஷுல்ட்சே முறை, ஒவ்வொரு இணையையும் நேருக்கு நேர் ஒப்பிடுகிறது. டெபியனிடமிருந்து கற்க வேண்டிய இன்னொன்று, வாக்குச்சீட்டில் ‘இவற்றில் எதுவும் வேண்டாம்’ என்ற தேர்வும் எப்போதும் இருப்பதாகும். பழைய தளத்தையே தொடரலாம் என்று பெரும்பான்மையினர் எண்ணினால், அதைச் சொல்ல அவர்களுக்கு இடமிருக்க வேண்டும்.

படி 8: முடிவை எழுதி வெளியிடுங்கள்

தேர்வான வடிவமைப்பின் பெயரை மட்டும் அறிவிப்பது போதாது. ஒவ்வொரு அளவுகோலிலும் ஒவ்வொன்றும் எப்படி இருந்தது, தேர்வானதில் குழு கண்ட குறைகள் எவை என்பதையும் எழுதுங்கள். தேர்வு பெறாதவர்களுக்கு அறிவிப்பு வெளியாகும் முன் தனித்தனியே எழுதுங்கள். தம் உழைப்பின் முடிவை அவர்கள் பொது அறிவிப்பில் முதன்முதலாகப் படிக்கக் கூடாது. மூன்றிலும் நல்லவற்றை எடுத்துச் சேர்த்துவிடலாம் என்ற யோசனை இங்கே கட்டாயம் எழும். ஒரு வடிவமைப்பின் தேடல் பக்கத்தையோ பதிவிறக்கப் பொத்தானின் ஒழுங்கையோ அதை உருவாக்கியவரின் கையாலேயே மற்றொன்றில் சேர்ப்பது நல்லது. ஆனால் ஒன்றின் தலைப்புப் பகுதியையும் மற்றொன்றின் பக்கவாட்டுப் பட்டியலையும் இணைத்து எவருக்கும் சொந்தமில்லாத நான்காவது ஒன்றை உருவாக்கினால், அதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பராமரிக்கவும் யாரும் முன்வர மாட்டார்கள்.

படி 9: மாற்றும் நாள்

புதிய பதிப்பின் வெளியீட்டு நாளிலேயே புதிய தளத்தையும் திறக்க ஆசை வரும். டெபியனும் ரஸ்டும் அப்படிச் செய்தன. கவனம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அன்று வழங்கி மிகுந்த சுமையில் இருக்கும், திட்டத்தின் அனுபவமிக்கவர்கள் எல்லோரும் வெளியீட்டு வேலையில் இருப்பார்கள், தளத்தில் தவறு நேர்ந்தால் பார்க்க ஆள் இருக்காது. சிறிய திட்டங்கள் வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்போ பின்போ மாற்றுவதே பாதுகாப்பானது.

படிப்படியாக மாற்றுவது அதனினும் நல்லது. விக்கிப்பீடியாவின் வெக்டர் 2022 தோற்றம் பிரெஞ்சு விக்கிப்பீடியா உள்ளிட்ட சிலவற்றில் முன்கூட்டியே சோதிக்கப்பட்டு, 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வந்தது. வரிகளின் அகலம் குறைக்கப்பட்டதால் இருபுறமும் வெற்றிடம் மிகுந்ததாகப் பலர் எதிர்த்தனர். அகலத்தை மாற்றிக்கொள்ளும் பொத்தான் ஒன்றும், புகுபதிகை செய்தவர்கள் பழைய தோற்றத்துக்குத் திரும்பும் வசதியும் இருந்தன. உங்கள் பழைய தளத்தையும் தனி முகவரியில் ஆறு மாதங்களாவது திறந்து வையுங்கள்.

பழைய பக்கங்களின் முகவரிகள் அனைத்தும் நிரந்தரத் திருப்பிவிடல் மூலம் புதியவற்றுக்குச் செல்ல வேண்டும். நல்ல முகவரிகள் மாறக் கூடாது என்று உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998 இலேயே வலியுறுத்தினார். பாடநூல்களிலும் பிற திட்டங்களின் நிரல்குறிப்புகளிலும் அச்சாகிவிட்ட இணைப்புகளை உங்களால் திருத்த முடியாது. பழைய தளத்தின் முகவரிகள் முழுவதையும் ஒரு கோப்பில் எடுத்து, ஒவ்வொன்றையும் புதிய தளத்தில் தானாகவே திறந்து பார்க்கும் சிறு நிரலை எழுதி, மாற்றத்துக்கு முந்தைய இரவு ஓட்டுங்கள். மாற்றத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்கள், ‘பக்கம் காணப்படவில்லை’ என்று வழங்கி விடையளித்த முகவரிகளின் பட்டியலை ஒவ்வொரு வாரமும் எடுத்து, எண்ணிக்கை அதிகமுள்ளதிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து வாருங்கள்.